இல்லாளுக்கு ஆண்பால்

மூல நோய்த் தைலத்துக்கான விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் பின்வாங்கியதால்தான் அந்தப் பகுதியே பிறந்தது. வார இதழ் ஒன்றின் பக்கங்களை வடிவமைக்கிற வேலை அவளுக்கு. தொடர்கதை முடிகிற பக்கத்தின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் வெள்ளையாகப் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. அச்சகத்து ஆள் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஆசிரியர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, எதையாவது போட்டு மூடும்மா என்பதுபோல் கையை அசைத்தார். அன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டபடி கணவர் சொன்ன ஒரு சொல் அவள் நினைவுக்கு வந்தது. யோசிக்காமல் தட்டினாள்.

‘ஞமலி: தெருவில் திரிந்தால் நாய். புலவர் வீட்டில் வளர்ந்தால் ஞமலி. கடி ஒன்றுதான்.’

வாசகர்கள் அதைப் பாராட்டி எழுதினார்கள். தொடர்கதையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. ஆசிரியர் அந்த மூலைக்கு ‘அகராதி பிடித்த அகராதி’ என்று பெயர் சூட்டி, எழுதுகிறவர் பெயரைப் போடாமல் வாராவாரம் வெளியிட ஏற்பாடு செய்தார். பெயர் போட்டால் சம்பளம் உயர்த்திக் கேட்பாள் என்று அவர் பயந்ததாக அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சிரிப்பு மட்டும்தான் அவளுடையது. சொற்கள் கணவருடையவை.

அவர் அகராதி ஒன்றைத் தயாரிக்கும் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். மாடியில் ஒரு வாடகைக் கூடம். சுவர் முழுக்கச் செருப்புப் பெட்டிகள். பெட்டிகளில் செருப்புக்குப் பதில் சொல் அட்டைகள். அலுவலகத்தின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்று அழைப்பார்கள். கணவருக்கு அங்கே ‘ஒற்று’ என்று பட்டப்பெயர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் விடுபட்ட க், ச், த், ப் எங்கே என்று தேடிப் பென்சிலால் குத்தி வைப்பார். கல்யாணமான புதிதில் அவள் எழுதிய சாமான் பட்டியலில்கூட இரண்டு ஒற்றுகளைச் சேர்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனார். அகரத்தில் தொடங்கிய அந்த அகராதி, ‘நா’ வரை வந்ததும், பணம் தந்துகொண்டிருந்த அறக்கட்டளை கையை விரித்துவிட்டது. நாவிலேயே நின்றுபோன வேலை என்று பெரியவர் ஒரு முறை சிரித்துச் சொன்னாராம். அந்தச் சிரிப்பைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்று கணவர் வீட்டுக்கு வந்து சொன்னார். அட்டைப் பெட்டிகளை யாரோ ஒருவரின் கிடங்கில் வைத்துப் பூட்டினார்கள். ஆட்கள் கலைந்தார்கள். இளையவர்களுக்கு வேறு வேலை கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. போன இடங்களில் எல்லாம், உங்க அனுபவத்துக்கு இங்க என்ன வேலை தர்றது என்று மரியாதையாகவே கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆரம்பத்தில் அந்த மூலைதான் வீட்டுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொண்டுவந்தது. அவள் வேலை விட்டு வந்து சமையலறையில் நிற்பாள். அவர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு ஒரு சொல்லை எடுத்து நீட்டுவார். உள்ளங்கையில் வைத்து ஒரு குஞ்சுப் பறவையைக் காட்டுவதுபோல் இருக்கும். முதலில் சரியான பொருளைச் சொல்வார். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே தப்பான பொருளைச் சொல்வாள்.

பொச்சாப்பு என்றால் மறதி என்பார். கணவர்களுக்குத் தேதி பார்த்து வருவது என்பாள் அவள். விக்குள் என்றால் விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று நம்பித் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவரின் வியாதி. அங்காத்தல் என்றால் வாயைத் திறத்தல். பல் மருத்துவர் முன்னால் செய்ய வேண்டியது, மேலாளர் முன்னால் செய்யக் கூடாதது. அவர் சத்தமில்லாமல் சிரிப்பார். தோள்கள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுங்கலுக்காகவே அவள் பேருந்தில் வரும்போதே ஏதாவது ஒன்றைத் தயார் செய்துகொண்டு வருவாள்.

பிறகு ஆசிரியர் இன்னும் காரம் வேண்டும் என்றார். நாய், விக்கல் எல்லாம் போதும், வீட்டுக்குள்ள வா, புருஷன் பெண்டாட்டி விஷயம்னா ஜனங்க விழுந்து விழுந்து படிப்பாங்க என்றார். அவள் வீட்டுக்குள் வந்தாள். துனி என்ற சொல்லுக்கு, நீண்டு முற்றிய ஊடல் என்று கணவர் பொருள் சொன்னார். ‘காரணம் மறந்துபோன பிறகும் மறக்காமல் தொடரும் கோபம்’ என்று அவள் எழுதினாள். அந்த வாரம் கடிதங்கள் குவிந்தன.

ஆனால் வீட்டில் இருப்பவர் வீட்டிலேயே இருந்தார். மாதங்கள் ஓடின. அவள் காலையில் போகும்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ, மாலையில் வரும்போதும் அதே நாற்காலியில் இருந்தார். சோம்பேறி என்று சொல்ல முடியாது. தரை பெருக்குவார், அரிசி களைந்து வைப்பார், சொன்னதைச் செய்வார். சொல்லாததைச் செய்யத் தோன்றாது. வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி நின்றுவிடுவார். பேசினால் பதில் வரும். ஆனால் அது எங்கேயோ கிடந்ததை எடுத்து வருவதுபோல் தாமதமாக வரும். அவளுக்கு அலுப்பு ஏறிக்கொண்டே வந்தது. அலுப்பை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் அவருடைய குறையைச் சொன்னதாகிவிடும்.

அந்த நாள் காலையில் சாதாரணமான ஒரு விஷயம்தான் நடந்தது. முந்தின நாள் துவைத்த துணிகளை மொட்டை மாடிக் கொடியில் போட்டிருந்தாள். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். மழை வந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தால், அவர் ஜன்னலோரம் நின்று ஒரு பழைய புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். மாடியில் எல்லாத் துணியும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. வேலைக்குக் கட்டிக்கொண்டு போக அவள் நினைத்திருந்த புடவையும் அதில்தான் இருந்தது.

“ஒரு துணிய எடுக்கறதுகூட நான்தான் செய்யணுமா?”

“மழை வந்தது தெரியலம்மா” என்றார். பிறகு, சமாதானத்துக்குக் கொடுப்பதுபோல், “இந்த மாதிரி தூத்தலுக்குத் துவலைன்னு ஒரு பேர் இருக்கு” என்றார்.

அவள் ஈரத்தைப் பிழிந்து, இஸ்திரிப் பெட்டியால் அரைகுறையாக உலர்த்தி, அதையே கட்டிக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் உட்கார்ந்தபோது முதுகு சில்லென்றது. அன்றுதான் பக்கம் முடிக்கிற நாள். மதியத்துக்கு மேல் மூலை இன்னும் வெறுமையாக இருந்தது. இந்த முறை அவரிடம் சொல் கேட்கவில்லை. தானே எழுதினாள்.

‘இல்லான்: இல்லாள் என்பதற்கு ஆண்பால். இல்லாள் வேலைக்குப் போனபின் இல்லத்தில் இருப்பவன். இருந்தும் இல்லான்.’

ஆசிரியர் தன் அறையை விட்டு வெளியே வந்தே சிரித்தார். அச்சகத்து ஆளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பக்கத்து மேசையில் இருந்த மெய்ப்புத் திருத்தும் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளுக்கும் அந்த நேரத்தில் மனம் லேசாகித்தான் இருந்தது. கோபத்தை ஒரு டப்பாவில் அடைத்து மூடிவிட்டதுபோல் இருந்தது. பக்கத்தை அனுப்பிவிட்டு, உலர்ந்துவிட்ட முந்தானையை உதறிப் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாள்.

இதழ் வெளிவந்த அன்று அவர் வழக்கம்போல் பென்சிலுடன் உட்கார்ந்தார். அவள் காய் நறுக்குகிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையங்கத்தில் ஓர் ஒற்று. தொடர்கதையில் சில. பென்சில் கீழ்மூலைக்கு வந்தது. நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு ஒரு புள்ளிகூட வைக்காமல் மேலே எழும்பியது.

“நல்லா இருக்கு” என்றார். இதழை மடித்து, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தார். தோள் குலுங்கவில்லை.

ஏதாவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. சாப்பிடும்போது உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் கொழுந்தன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். பார்க்க வந்த உறவுக்காரர்கள் கூடம் நிறைய இருந்தார்கள். கொழுந்தன் நல்லவன். அண்ணனுக்கு வேலை போனதிலிருந்து அவரிடம் எதைப் பேசுவது, எதைப் பேசக் கூடாது என்று தெரியாமல் தவிப்பான். தவிப்பில் சத்தமாகப் பேசுவான். அம்மாவுக்குக் கண் தெரிகிற வரை பத்திரிகையைப் படித்துக் காட்டுவது அவன் வேலை. அண்ணியுடைய பத்திரிகை என்று பெருமையாக எடுத்துப் பிரித்தான். முதலில் கடைசி மூலை, அதுதான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்றான். அவள் தண்ணீர் எடுத்து வருகிற பாவனையில் எழுந்தாள். அதற்குள் அவன் படித்துவிட்டான்.

கூடம் சிரித்தது. சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொருவருக்கும் கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது உறைத்தது. சிரிப்பு ஓரங்களிலிருந்து அணைந்துகொண்டு வந்தது. கொழுந்தன் முகம் வெளிறிப்போனான். மாமியார் மட்டும் முதலிலிருந்தே சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி இங்கும் அங்கும் திரும்பியது.

“யாருடா எழுதறது இதை? வேலை இல்லாம வீட்ல உக்காந்திருக்கறவன் வயித்தெரிச்சல் தெரியாத ஜென்மம்.”

கொழுந்தன் எதையாவது சொல்லி மூட வேண்டும் என்று அவள் பக்கம் திரும்பி, உங்க ஆபீஸ்ல யாரு அண்ணி இதை எழுதறாங்க என்று கேட்டான். அவள் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது.

“நான்தான்” என்றார் கணவர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்தான்மா எழுதறேன். ஆரம்பத்துலேர்ந்தே. பேர் போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

கூடத்தில் இருந்தவர்கள் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அணைந்த சிரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்கிற மனசு யாருக்கு வரும் என்றார் ஒரு சித்தப்பா. மாமியார் கையை நீட்டித் துழாவி மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். சும்மா இருக்கான், சும்மா இருக்கான்னு நெனச்சு நான் அழுதுக்கிட்டிருந்தேன், நீ எழுதிக்கிட்டா இருந்த என்று கேட்டபோது கண்ணாடிக்குக் கீழே நீர் வழிந்தது. கண்ணில் நீர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று யாரோ பதறி ஒற்றி எடுத்தார்கள்.

பிறகு கொழுந்தன் ஒரு சொல் சொல்லச் சொல்லிக் கேட்டான். எல்லோரும் கேட்டார்கள். அவர் தயங்கினார்.

“வெருகு” என்றார்.

கூடம் காதைத் தீட்டிக்கொண்டது.

“ஆண் பூனை.”

காத்திருந்தார்கள். அவர் நெற்றியைத் தடவினார். “காட்டுப் பூனைக்கும் அந்தப் பேர் உண்டு” என்றார்.

ஒருவர் மரியாதைக்குச் சிரித்தார். அவள் செம்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ‘ராத்திரி பக்கத்து வீட்டுப் பாலைக் குடித்துவிட்டுக் காலையில் நம் வீட்டுச் சோற்றைக் குறை சொல்வது.’ அந்தப் பதில் அவளுக்குள் தானாக வந்து நின்றது. ஓரடி நடந்து அவர் காதில் சொல்லியிருக்கலாம். அல்லது உரக்கவே சொல்லி, இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம் என்று சிரித்திருக்கலாம். அவள் அசையவில்லை. அவர் இன்னொரு சொல்லை எடுத்து, அதற்கும் சரியான பொருளைச் சொன்னார். பிறகு பேச்சு கண் சொட்டு மருந்துக்குப் போய்விட்டது.

திரும்பும்போது பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“நீ எழுதினதுன்னு தெரிஞ்சா அம்மா உன்னைப் பேசியிருப்பாங்க.”

“பேசட்டுமே.”

“அது மட்டும் இல்ல. நான் எழுதினா அது ஜோக். நீ எழுதினா அது வேற.”

இறங்கும் இடம் வந்ததும் அவர் முன்னால் எழுந்து நடந்தார்.

அதன் பிறகு அவரிடமிருந்து சொல் வரவில்லை. முதல் வாரம் கேட்டபோது, ஒண்ணும் தோணல என்றார். அடுத்த வாரம், மறந்துபோச்சு என்றார். அந்த மனிதருக்கு மறக்காது என்பது அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவள் அலுவலக அலமாரியில் இருந்த தடித்த அகராதியைப் புரட்டித் தானே சொற்களைப் பொறுக்கினாள். அகராதியில் கிடக்கிற சொற்கள் கல் மாதிரி கிடந்தன. ஒன்றும் துள்ளவில்லை.

கொழுந்தன் வாரம் தவறாமல் போன் செய்தான். இந்த வாரம் பிரமாதம் அண்ணா, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் எங்க அண்ணன் எழுதினதுன்னு காட்டினேன் என்பான். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ம், ம் என்று நின்றிருப்பார். தான் படிக்கவே படிக்காத ஒரு பகடிக்காகப் பாராட்டு வாங்கிக்கொள்வார். இதழைத் தொடுவதையே அவர் விட்டிருந்தார். பென்சில் டப்பாவில் கிடந்தது.

அலுவலகத்தில் வேறு கதை நடந்தது. ‘இல்லான்’ அவள் கையை விட்டுப் போயிருந்தான். ஆசிரியர் அதையே போட்டியாக அறிவித்தார். ‘உங்கள் வீட்டு இல்லானைப் பற்றி எழுதுங்கள்.’ மூட்டை மூட்டையாக வந்தன. ‘இல்லான்: சோறு வேகும்வரை தூங்குபவன்.’ ‘இல்லான்: தொலைக்காட்சிக்குத் துணை.’ கீழ்மூலை அரைப்பக்கமாக வளர்ந்து, பிறகு முழுப்பக்கமாயிற்று. ஓவியர் ஒரு தொந்தி மனிதனை வரைந்து கொடுத்தார். இடுப்பில் துண்டு, கையில் துடைப்பம். அந்தப் படத்தை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்று ஒவ்வொரு வாரமும் அவள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாள் ஆசிரியரிடம் போய், இதை நிறுத்திடலாம் சார் என்றாள். ஊரே சிரிக்குது, உனக்கென்னம்மா வந்தது என்றார் அவர். எழுதியது யார் என்பது அவருக்குத் தெரியும். எதை வைத்து எழுதினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை.

ஒரு நாள் மாலை கணவர், நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்றார். அடுத்த தெரு சிமெண்ட் கடைக்காரர் சொல்லி வாங்கிக் கொடுத்தாராம். ஊருக்கு வெளியே, பெரிய சாலையில், லாரிகளை எடை போடுகிற எடைமேடை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உக்காந்து பாக்கற வேலைதான், ஒண்ணும் கஷ்டமில்ல என்றார். மறுநாள் காலை அவளுக்கு முன்னால் கிளம்பினார். சட்டைப் பையில் பேனா இல்லாமல் அவர் வெளியே போனதை அவள் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள்.

சில மாதங்கள் அப்படியே போயின. அவர் தூசி படிந்த தலையோடு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஜன்னலோரம் நிற்பது நின்றுபோனது. வீட்டில் சண்டை இல்லை. பால் இருக்கா, விளக்கை அணைச்சுடட்டுமா, நாளைக்கு மழை வரும் போல இருக்கு. இவ்வளவுதான் பேச்சு.

அப்போதுதான் பெரியவர் அவளுடைய அலுவலகத்துக்குப் போன் செய்தார். தான் அழைத்தால் கணவர் போனை எடுப்பதே இல்லை என்றார். ஒரு பதிப்பகம் அகராதியை ஏற்றுக்கொண்டதாம். கிடங்கிலிருந்து பெட்டிகளை எடுத்துவிட்டார்களாம். கொஞ்சம் செல்லரித்திருக்கிறது, பரவாயில்லை, மீட்டுவிடலாம். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்க வீட்டுக்காரர் இல்லாம என்னால முடியாதும்மா, உடனே வரச் சொல்லுங்க என்றார். அவள் ஆசிரியரிடம்கூடச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

எடைமேடைக்குப் போகிற பேருந்து பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. மீதித் தூரத்தை வெயிலில் நடந்தாள். சாலையோரம் தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புப் பலகை. அதன் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அறைக்குள் சிவப்பு எண்கள் எரிகிற ஒரு பெட்டி முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று பலகையின் மேல் ஏறி உறுமி நின்றது. எண்கள் ஓடி அடங்கின. அவர் ஜன்னல் வழியே எண்ணைச் சொன்னார், சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஓட்டுநர் ஒரு சொல்லும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அவளைப் பார்த்ததும் கணவர் எழுந்து, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அவள் மூச்சு வாங்கியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். செல்லரித்தது எந்தப் பெட்டிகள் என்று மட்டும் கேட்டார். அது அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு லாரி வந்தது. அதையும் அனுப்பிவிட்டு வந்தார்.

“வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடு” என்றார்.

“ஏங்க? இதுக்காகத்தானே இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தீங்க?”

“இங்க நல்லா இருக்கும்மா.”

இத்தனை மாதங்களாக வாய்வரை வந்து திரும்பிப் போனதை அவள் அப்போது சொன்னாள்.

“நான் எழுதினதாலதானே? அன்னிக்குக் கோபத்துல எழுதிட்டேன். ஈரத் துணியோட போனேன். தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர்போல் அவளைப் பார்த்தார்.

“மன்னிக்கறதுக்கு என்ன இருக்கு. நீ எழுதினதுல தப்பே இல்லயே. எத்தனை தடவை படிச்சேன் தெரியுமா? தப்பா இருந்தா திருத்தியிருப்பேன். ஒரு எழுத்து எடுக்க முடியல, ஒரு எழுத்து சேக்க முடியல.”

“அது விளையாட்டுங்க.”

“மத்ததெல்லாம் விளையாட்டு. அது ஒண்ணுதான் பொருள்.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் அதைப் பற்றிக்கொண்டு அழுதிருப்பாள். ஒரு வேலையைப் பற்றி இன்னொரு வேலைக்காரரிடம் பேசுவதுபோல் நிதானமாகப் பேசினார். இப்போது எந்தச் சொல்லை நினைத்தாலும் அதன் பக்கத்தில் இன்னொரு பொருள் வந்து நின்று சிரிக்கிறது. அதை ஓரமாகப் போகச் சொன்னால் போவதில்லை. அப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு அகராதி வேலை செய்ய முடியாது என்றார்.

“இங்க வர்றது வெறும் எண்ணு. எண்ணுக்கு இன்னொரு அர்த்தம் கிடையாது. சொன்னா வாங்கிக்கிட்டுப் போயிடறாங்க. எனக்கு ரொம்ப நிம்மதியா இருக்கு.”

அவர் சொன்னது உண்மை என்பதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வெளியே ஒரு லாரி ஒலியெழுப்பியது. அவர் எழுந்து போனார். அவள் காலி டம்ளரைப் பானையின் மேல் கவிழ்த்துவிட்டு, வந்த வழியே நடந்தாள்.

அடுத்த வாரம் ஆசிரியரிடம் சண்டை போட்டு, பக்க வடிவமைப்பை விட்டு விளம்பரப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். அந்த முழுப்பக்கத்தை ஒரு புதுப் பையன் வடிவமைத்தான். அது தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. கொழுந்தன் தொடர்ந்து போன் செய்துகொண்டுதான் இருந்தான். மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்து, இப்போது தானே படிப்பதாகவும், மகன் எழுத்தில் முன்னைப்போல் ரசம் இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வதாகவும் சொன்னான்.

பெரியவர் மறுபடி போன் செய்தபோது அவள் வீட்டில் இருந்தாள். சாயங்கால வெளிச்சம் கூடத்துத் தரையில் சாய்வாக விழுந்திருந்தது. அவர் வரமாட்டார் என்று சொன்னாள். ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லலாம் என்று தோன்றியது, சொல்ல வரவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, பரவால்லம்மா, அவரைப் பாத்துக்கங்க என்று வைத்துவிட்டார்.

கணவர் வந்திருந்தார். கொல்லைக் குழாயடியில் சட்டையைக் கழற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“யாரு போன்ல?”

“பெரியவர். வரமாட்டீங்கன்னு சொல்லிட்டேன்.”

“சரி” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். காது மடலுக்குப் பின்னால் சிமெண்ட் தூசி சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தது. அவள் சுட்டிக்காட்டினாள். அவர் மறுபக்கக் காதைத் துடைத்தார். அவள் துண்டை வாங்கி, நுனியை நனைத்து, தானே துடைத்துவிட்டாள். முடி வெட்டுபவர் முன்னால் உட்கார்ந்திருப்பவரைப்போல், அவள் முடிக்கும்வரை அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்.